பாட்டியின் பெட்டியில் கிடைத்த முத்திரை குத்திய ரூபாய்: சுத்தம் செய்யலாமா?

கேள்வி (குழித்துறையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்ததால், காலமான என் பாட்டியின் மரப்பெட்டியில் சக்கரம் எனும் திருவிதாங்கூர்க் காசுகளும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களும் கலந்தே கிடந்தன. 1862 என்று பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாய்கள் இரண்டில், ஒன்றின் விளிம்பில் எதையோ பற்றவைத்த மேடு இருக்கிறது. மற்றொன்றில் அரசியின் கன்னத்தில் பூப்போன்ற மூன்று சிறு முத்திரைகள் குத்தப்பட்டுள்ளன. நடுவில் துளையிட்ட 1944 ஆம் ஆண்டுக் காலணா ஒன்றும் உண்டு. மூன்றும் ஊனப்பட்டவை, உருக்கத்தான் உதவும் என்று வியாபாரி ஒருவர் கூறினார். மேட்டை அராவிவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தால் சரியாகுமா?

பதில் 1 (செங்கோட்டையிலிருந்து)

ஐயா, தயவுசெய்து அரத்தையும் புளியையும் தொடாதீர்கள். காலத்தால் படிந்த கருமையை எடுத்துவிட்டால் அது திரும்ப வராது. தேய்த்த வெள்ளியின் செயற்கைப் பளபளப்பைச் சேகரிப்போர் உடனே கண்டுகொள்வார்கள்.

காலணா ஊனப்பட்டதே அன்று. போர்க்காலத்தில் செம்பைச் சேமிப்பதற்காக 1943 முதல் அக்காசைத் துளையோடுதான் அச்சிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் முதியோர் அதை ஓட்டைக் காலணா என்றே சொல்வார்கள்.

விளிம்பில் மேடுள்ள ரூபாய், வளையம் பற்றவைத்து மாலையில் கோத்ததாக இருக்கலாம். அந்த ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், எடையுள்ளது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெள்ளி. நகையாகவும் சேமிப்பாகவும் ஒருங்கே பயன்பட்டதற்கு அதுவே காரணம். துளையும் பற்றும் விலையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அக்காசு ஒரு வீட்டில் வாழ்ந்த வாழ்வுக்கு அந்த மேடே சான்று.

என் ஆர்வம் முழுவதும் மூன்று முத்திரைகள் மீதுதான். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி பூசிய கள்ளக்காசா என்றறிய, காசு மாற்றித் தந்த சராப்புகள் சிறு உளியால் குத்திப் பார்ப்பது வழக்கம்; பழங்கால முத்திரைக் காசுகளிலேயே இத்தகைய குறிகள் உண்டு. உங்களுடையவை பழையவையா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். குழியின் ஓரங்களும் காசின் பிற பகுதிகளைப் போலவே மழுங்கி, உள்ளே கருமை படிந்திருந்தால், குத்திய பிறகும் காசு நெடுநாள் கைமாறியிருக்கிறது. ஓரம் கூர்மையாகவும் உட்புறம் வெண்மையாகவும் இருந்தால் அண்மையில் யாரோ குத்தியது. குத்திய இடத்துக்கு நேர் மறுபுறம் தட்டையாகியிருப்பதையும் கவனியுங்கள்; முத்திரை காசு அச்சிடும் அக்கசாலையில் விழுந்ததன்று, பின்னர் அடித்தது என்பதற்கு அது அடையாளம்.

பதில் 2 (பாலக்காடு மாவட்டம், சித்தூரிலிருந்து)

செங்கோட்டை அன்பர் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். புதுக்கோட்டைப் பகுதியில் 1898 இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுப் புதையலில் பெரும்பாலான காசுகளின் பேரரசர் தலை உளியால் வெட்டுண்டிருந்தது. அந்த வெட்டின் நோக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். சென்னையிலிருந்து கப்பலேறி 1812 இல் சிட்னி சேர்ந்த 40,000 ஸ்பானிய டாலர்களின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து, வளையத்தை ஐந்து ஷில்லிங்காகவும் நடுத்துண்டைப் பதினைந்து பென்ஸாகவும் மறுமுத்திரையிட்டார்கள். காசு அங்கேயே தங்க வேண்டும் என்பதற்காகச் செய்த அந்தச் சிதைவுக்காகவே அவை இன்று பெருவிலை பெறுகின்றன.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கண்ணாடியில் பார்த்தேன்: மூன்று குழிகளும் மழுங்கிக் கருத்திருக்கின்றன, மறுபுறம் தட்டையாகவே இருக்கிறது. பாட்டியின் திருமணப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் கழுத்து மாலையின் நடுவில் ஒற்றை ரூபாய் தொங்குகிறது. படத்தின் நகலை அந்த மேடுள்ள காசோடு ஒரே உறையில் வைத்துவிட்டேன்.