ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவரை மறுபடி எடுக்கச் சொல்வது சரியா?

நாசரேத்_தம்பி:
நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). தங்கைக்கு ஒரு பெந்தெகொஸ்தே வீட்டு வரன் வந்திருக்கிறது. பையன் நல்லவர், தங்கைக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பெண் முழுக்கு ஞானஸ்நானம் (தண்ணீரில் முழுவதும் மூழ்கிப் பெறுவது) எடுத்தால்தான் கல்யாணத்தை நடத்திவைப்பேன் என்று அவர்கள் பாஸ்டர் சொல்லிவிட்டார். குழந்தையில் எங்கள் சபை ஐயர் (போதகர்) தண்ணீர் தெளித்துக் கொடுத்தது கணக்கில் வராதாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஒருமுறை பெற்றவரை மறுபடி எடுக்கச் சொல்ல வேதத்தில் இடம் இருக்கிறதா?

விசுவாசி_மதுரை:
பிரதர், நாங்கள் யாருக்கும் இரண்டாவது ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. முதலாவது நடக்கவே இல்லை என்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளை வாசியுங்கள், வரிசை மாறவே மாறாது. வசனத்தைக் கேட்டார்கள், விசுவாசித்தார்கள், அப்புறம் தண்ணீரில் இறங்கினார்கள். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர், சமாரியாவில் ஆண்களும் பெண்களும், எத்தியோப்பிய மந்திரி, எல்லாரும் அப்படித்தான். மூன்று மாதக் குழந்தை எதைக் கேட்டது, எதை விசுவாசித்தது? ரோமர் 6-ல் பவுல் ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவதாகச் சொல்கிறார். நெற்றியில் நாலு சொட்டுத் தெளிப்பதில் அடக்கம் எங்கே? கல்யாணத்துக்காக மட்டும் எடுக்கச் சொன்னால் அது தப்பு, அதை நானும் சொல்வேன். மனந்திரும்பாமல் மூழ்கினால் நனைந்ததுதான் மிச்சம்.

பாளை_வாத்தியார்:
வரிசை மாறாது என்கிறீர்கள். 16-ம் அதிகாரத்தில் லீதியாளும் அவள் வீட்டாரும் பெற்றார்கள். சிறைச்சாலைக்காரன் அந்த ராத்திரியிலேயே தன்னைச் சேர்ந்த எல்லாரோடும் பெற்றான். கொரிந்துவில் ஸ்தேவானுடைய வீட்டார். இத்தனை வீடுகளில் ஒரு குழந்தைகூட இல்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஆபிரகாம் விசுவாசித்த பிறகு விருத்தசேதனம் பெற்றார், ஈசாக்கு எட்டாம் நாளில் பெற்றான். இரண்டு பேருக்கும் தேவன் கொடுத்த உடன்படிக்கை ஒன்றுதான். கொலோசெயர் 2-ல் பவுல் விருத்தசேதனத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே பேசுகிறார்.

தெளிப்பு பின்னால் வந்த சோம்பேறி வழக்கமும் இல்லை. முதல் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி எழுதப்பட்டதாக அறிஞர்கள் பலர் கருதும் 'திதகே' என்ற சபை ஒழுங்கு நூலின் ஏழாம் பகுதியைப் பாருங்கள். ஓடும் தண்ணீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு தண்ணீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம், ஞானஸ்நானம் யாருடைய செயல் என்பது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் டோனட்டிஸ்டுகள் என்ற பிரிவினர் இதே மாதிரிதான் பேசினார்கள். அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் பின்வாங்கிய குருமார் வழியாக வந்த ஞானஸ்நானம் செல்லாது, எங்களிடம் வந்து மறுபடி எடு என்றார்கள். கொடுக்கிறவர் கிறிஸ்து, மனிதனின் தகுதியால் அது கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை என்று பிஷப் அகஸ்டின் பதில் சொன்னார். அந்தப் பெண்ணைக் கிறிஸ்து அன்றைக்கே தம்முடையவள் என்று ஏற்றுக்கொண்டார். அதைச் செல்லாது என்று சொல்ல அந்தப் பாஸ்டருக்கு என்ன அதிகாரம்?

விசுவாசி_மதுரை:
வாத்தியார் ஐயா, 16-ம் அதிகாரத்தில் இரண்டு வசனத்தை விட்டுவிட்டீர்கள். 32-ல் அவன் வீட்டிலிருந்த எல்லாருக்கும் வசனம் சொல்லப்படுகிறது. 34-ல் வீட்டார் எல்லாரோடும் விசுவாசித்து மகிழ்கிறான். கேட்கவும் மகிழவும் தெரிந்தவர்கள்தானே அவர்கள்?

பழைய நூலைக் காட்டினால் நானும் காட்டுகிறேன். கி.பி. 200-ஐ ஒட்டி தெர்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், சிறு பிள்ளைகளுக்கு அவசரப்பட வேண்டாம், கிறிஸ்துவை அறிந்த பிறகு வரட்டும் என்று எழுதினார். உங்கள் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) முன்னோர்களின் 1662 ஜெப புத்தகம்கூட, குழந்தை தாங்கும் என்றால் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்து, பலவீனமாக இருந்தால் ஊற்று என்கிறது. தாய்ச்சபையே முதலில் சொன்னது முழுக்கைத்தான்.

குழந்தை ஞானஸ்நானத்தின் பலன் எங்கே தெரிகிறது? சபைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஆள் கிறிஸ்மஸுக்கு வருவார், அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வருவார். ஆவிக்குரிய மறுபிறப்பு என்றால் என்ன என்று கேட்டால் முழிப்பார். 1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் சிலர் குழந்தையில் பெற்றதை விட்டு விசுவாசிகளாக ஞானஸ்நானம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தச் சபையின் பக்கம் நின்ற நகர ஆட்சி. அவர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த சத்தியத்தைக் கல்யாணப் பேச்சுக்காக விட்டுக்கொடுக்க முடியாது.

தூத்துக்குடி_முத்து:
கத்தோலிக்கன் ஒரு வார்த்தை சொல்லலாமா? தண்ணீர் எவ்வளவு, வயது என்ன என்ற இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தையை மூன்று முறை முழுதாக மூழ்கடித்து எடுக்கிறார்கள். அதே சடங்கிலேயே பரிசுத்த தைலமும் பூசி நற்கருணையும் (அப்பமும் திராட்சரசமும்) கொடுத்துவிடுகிறார்கள். முழுக்கும் குழந்தையும் ஒத்துப்போகாதவை என்றால் அவர்களை என்ன செய்வீர்கள்?

எங்கள் முறையில் தண்ணீரும் மூவொரு கடவுளின் (தந்தை, மகன், தூய ஆவி) பெயரும் இருந்தால் திருமுழுக்கு (ஞானஸ்நானத்துக்கு எங்கள் சொல்) செல்லும். சி.எஸ்.ஐ பெண் எங்கள் பங்குக் கோயிலில் சேர வந்தால் சான்றிதழ் கேட்பார்கள், மறுபடி கொடுக்க மாட்டார்கள். நடந்ததா என்று உண்மையான சந்தேகம் இருந்தால் மட்டும், 'நீ ஏற்கெனவே பெறவில்லை என்றால்' என்று நிபந்தனையோடு கொடுப்பார்கள். இயேசுவின் பெயரில் மட்டும் கொடுப்பவர்களுடையதை ஏற்பதில்லை.

சேனை_நாகர்கோவில்:
நாங்கள் இரட்சணிய சேனை. எங்களிடம் தண்ணீர் ஞானஸ்நானமும் இல்லை, இராப்போசனமும் (நற்கருணையும்) இல்லை. 1883-ல் எங்கள் ஸ்தாபகர் வில்லியம் பூத் அவற்றை நிறுத்தினார். அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கவேண்டியதை மக்கள் விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய பாரம். எங்கள் தாத்தா குடியிலிருந்து விடுபட்டு, பாவிகளுக்கான ஜெப பீடத்தில் முழங்காலிட்டு, சாகும்வரை கொடியின் கீழ் நின்றார். அவர் கிறிஸ்தவர் இல்லையா? மதுரை பிரதர் பதில் சொல்லட்டும்.

விசுவாசி_மதுரை:
தாத்தாவின் இரட்சிப்பைத் தீர்ப்பு சொல்ல நான் யார்? சிலுவையில் கள்ளன் தண்ணீர் இல்லாமலே பரதீசுக்குப் போனான். ஆனால் தண்ணீரும் வாய்ப்பும் இருக்கிறவனுக்கு அந்தக் கள்ளன் முன்மாதிரி இல்லை. "ஞானஸ்நானங்கொடுத்து" என்பது ஆண்டவரின் கட்டளை.

கோவை_அக்கா:
தம்பி, நான் அதைச் செய்தவள் என்பதால் எழுதுகிறேன். சி.எஸ்.ஐ-யில் பிறந்து, திடப்படுத்தல் (வளர்ந்த பிறகு விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்கு) வகுப்புக்குப் போய், கேள்வி பதிலை மனப்பாடமாகச் சொல்லி, வெள்ளைச் சேலை கட்டி பிஷப்பிடம் கை வைத்து ஜெபம் வாங்கினேன். அன்றைக்கு என் மனதில் ஒன்றும் நடக்கவில்லை. பல வருஷம் கழித்து ஒரு உபவாச ஜெபத்தில் என் பாவம் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஆற்றில் இறங்கியபோது நானே 'ஆம்' என்று சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை. அந்த 'ஆம்' எனக்குத் தேவைப்பட்டது. அதற்காக என் பழைய சபையில் கமிட்டி தேர்தலில் நிற்கக்கூடாது என்றார்கள். அப்பா இறந்தபோது, உனக்கு இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு பக்கமும் கடினம்தான்.

பாளை_வாத்தியார்:
அக்கா, கல்லறையில் அப்படிப் பேசியது பாவம். எங்கள் பக்கத்துக் குற்றம் அது, அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் உங்களுக்குத் தேவைப்பட்ட அந்த 'ஆம்' சபைக்குள்ளேயே கிடைத்திருக்க வேண்டும். ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனை இருக்கிறது, சாட்சி சொல்ல நேரம் கொடுக்கலாம். திடப்படுத்தல் வகுப்பைப் பரீட்சை மாதிரி நடத்தும் வரை எங்கள் பிள்ளைகள் வெளியேதான் போவார்கள். 1982-ல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடியதல்ல என்றது. கண்ட குழந்தைக்கெல்லாம் யோசிக்காமல் கொடுக்காதீர்கள் என்று எங்களைப் போன்ற சபைகளையும் எச்சரித்தது. இரண்டையும் ஏற்கிறேன்.

விசுவாசி_மதுரை:
அப்போஸ்தலர் 19-ல் எபேசுவில் பவுல் பன்னிரண்டு பேருக்கு மறுபடி கொடுத்தாரே ஐயா?

பாளை_வாத்தியார்:
அவர்கள் பெற்றிருந்தது யோவான் ஸ்நானனுடையது. பரிசுத்த ஆவி உண்டென்பதையே கேள்விப்படவில்லை என்றார்கள். இந்தப் பெண் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக நாமத்தில் பெற்றவள். 1970-ல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகளும் ஆங்கிலிக்கர்களும் இரண்டு முறைகளையும் ஒப்புக்கொண்டு ஒரே சபையானார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாசரேத்_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. தங்கை இதையெல்லாம் வாசித்தாள். 'எனக்கே தோன்றினால் எடுப்பேன், கல்யாணத்துக்காக எடுக்க மாட்டேன்' என்று பையனிடம் பேசப்போகிறாள். மதுரை பிரதரிடம் அவள் கேட்கச் சொன்னது ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அந்தச் சபைக்கு வந்தால் இராப்போசனத்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்களா?

விசுவாசி_மதுரை:
எங்கள் சபையில் முழுக்கு எடுக்காதவருக்குக் கொடுப்பதில்லை, தங்கச்சி. அந்தச் சபையிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மறைத்துவைத்துக் கல்யாணத்துக்குப் பிறகு தெரியவருவதைவிட இப்போதே சொல்வது நல்லது.

பாளை_வாத்தியார்:
எங்கள் திருவிருந்தில் (இராப்போசனத்தில்) அந்தப் பையன் வந்து முழங்காலிட்டால் கொடுப்போம் தம்பி. இதையும் சேர்த்து அவரிடம் சொல்லச் சொல்.