எர்ணாகுளம் – நெவாதிம் சொந்தங்கள் 🕎

21 அக்டோபர் 2024, திங்கள்

ரஹேல் அத்தை: எல்லாரும் பாருங்க. சிம்ஹத் தோரா, அதான் தோரா வேதம் வாசிச்சு முடிக்கிற திருநாள் அன்னைக்கு மத்தியானம் ஸெஃபரை (தோராச் சுருளை) எடுத்துட்டு நம்ம யூதப் பள்ளிக்கு (ஜெப ஆலயத்துக்கு) வெளியே சுத்துறது உண்டா இல்லையான்னு நாளைக்குள்ள சொல்லணுமாம். இங்க இஸ்ரேல்ல, நெவாதிம்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு

பென்னி: உள்ளேயே போதும்

மிரியம்: ஒரே சுத்து. பாட்டு வேணாம்

ஜோசப் மாமா: அன்புச் சொந்தங்களே, ஒரு விளக்கம். பள்ளிக்கு உள்ளே சுத்துறது உலகம் பூரா உண்டு. மத்தியானம் வெளியே சுத்துறது நம்ம கொச்சிக்காரங்க வழக்கம். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரூர் எல்லா இடத்துலயும் நடந்தது. 1954ல நெவாதிம் போனவங்க அங்கயும் கொண்டுபோனாங்க. 1000-ஆம் ஆண்டை ஒட்டி சேர ராஜா பாஸ்கர ரவிவர்மன் நம்ம யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்துல செப்பேடு குடுத்தார். பகல் விளக்கு, நடக்க விரிக்கிற பாவாடை, குடை, பறை, ஊதுற காளம், தோரணம் எல்லாம் அதுல இருக்கு. ஊர்வலமாப் போறது ராஜா குடுத்த மரியாதை. அதை விடலாமா?

பென்னி: சைரன் அடிச்சா அந்தக் குடையைப் பிடிச்சுக்கலாமா மாமா

ஈதன்: 😂😂

ரஹேல் அத்தை: சிரிக்காதீங்க. 1-ஆம் தேதி ராத்திரி ஈரான் ஏவுகணை விமானதளத்துல விழுந்தப்ப மமாத் (வீட்டுப் பதுங்கு அறை) கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நானு

ஜோசப் மாமா: 🙏🙏

எலியாஸ் சித்தப்பா: இங்க கொச்சில வேற பாடு. மட்டாஞ்சேரிலேர்ந்து போன். வெள்ளிக்கிழமை மினியானுக்கு, அதான் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆம்பளைல மூணு பேர் குறையுது. இஸ்ரேல்லேர்ந்து வர்ற கூட்டம் இந்த வருஷம் இல்லை

ஈதன்: வெள்ளியா? வியாழன்தானே?

எலியாஸ் சித்தப்பா: உங்களுக்கு வியாழன் டா. இஸ்ரேலுக்கு வெளிய இருக்கிறதால இங்க திருநாள் ஒரு நாள் கூட. வருஷா வருஷம் இதே கேள்வி

ரீனா: மட்டாஞ்சேரிக்கா போறீங்க?? நம்ம தாத்தாவை மினியான்ல எண்ணாத பள்ளி

மிரியம்: ஆரம்பிச்சுட்டா

ஜோசப் மாமா: மட்டாஞ்சேரிப் பள்ளியோட பரதேசிக்காரங்க, அதான் பின்னாடி வெளிநாட்டுலேர்ந்து வந்த யூதர்கள், நம்ம பழைய மலபார் யூத ஆளுங்களை எண்ணாதது உண்மை. விடுதலையான அடிமைகளோட சந்ததியை உள்ளே உட்காரவும் விடலை. வக்கீல் ஏ.பி. சேலம் அதுக்குத்தான் சத்தியாகிரகம் பண்ணார். விரிவா எழுதுறேன்

எலியாஸ் சித்தப்பா: எழுதாதே. கெளம்பு. நீயும் நானும் ரெண்டு

ஜோசப் மாமா: முழங்கால் வலி

ஸாரா: நேத்து மீன் மார்க்கெட்டுக்கு நடந்தே போனாரு

எலியாஸ் சித்தப்பா: புதன் பொழுது சாயறதுக்குள்ள போயிடணும். சனி ராத்திரிதான் திரும்பலாம்

ஸாரா: மூணு நாள் சாப்பாடு? பூரணம் வச்சுப் பொரிக்கிற பஸ்தேல் பண்ணித் தர்றேன். மாவு அங்க மாதிரி தடியா இருக்காது

ரஹேல் அத்தை: யார் மாவு தடி?

மிரியம்: பஸ்தேலாவது கிடைக்குதே. நான் ஹோட்டல்ல ஒரு வருஷமா ஷ்னிட்செல் தின்னுட்டு இருக்கேன். லெபனான் எல்லைல நாங்க காலி பண்ணிட்டு வந்த கஃபர் யூவல்ல என் கறிவேப்பிலை மரம் நிக்குதோ எரிஞ்சுதோ

பென்னி: அத்தை, சுத்துறதைப் பத்தி ஒண்ணு. என் கூட வேலை பாக்குறவரோட பையன் போன வருஷம் அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குன நோவா இசை விழால போயிட்டான். நம்ம யூத நாட்காட்டிக் கணக்குல ஓராண்டு சிம்ஹத் தோரா அன்னைக்கேதான் வருது. செத்தவங்களுக்கான காதிஷ் ஜெபம் சொல்ல நம்ம பள்ளிக்கு வர்றார். நீங்க ஆடுங்க, நான் வாசல்ல நிக்கிறேன்னார். அவர் முன்னாடி எனக்குக் கால் வராது

ரஹேல் அத்தை: 😔

மிரியம்: அதான் சொன்னேன், பாட்டு வேணாம்

ஈதன்: மிலுயிம், ரிசர்வ் ராணுவப் பணிலேர்ந்து விட்டா நான் வர்றேன் பாட்டி. நாளைக்குத்தான் தெரியும்

ரீனா: காஸால செத்த குழந்தைகளுக்கும் ஒரு வரி சொல்லுங்க

பென்னி: இந்த குரூப்ல வேண்டாம்

ரீனா: ஏன்? பிரார்த்தனைக்கு எல்லை உண்டா?

பென்னி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மிரியம்: என்ன அழிச்சே?

ரீனா: நான் படிச்சுட்டேன் பென்னி

ரஹேல் அத்தை: போதும். அவளும் நம்ம பொண்ணுதான். நான் மனசுக்குள்ள சொல்லிக்கிறேன், யார் கிட்டயும் கேக்க மாட்டேன்

ஜோசப் மாமா: செப்பேட்டு போட்டோ அனுப்பட்டுமா?

ஸாரா: வேண்டாம்

ரஹேல் அத்தை: உள்ளே எல்லாச் சுத்தும், வெளியே ஒண்ணே ஒண்ணு, பாட்டில்லாமன்னு சொல்லிப் பாக்குறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது

பென்னி: நான் வெளிய வர மாட்டேன்

ரஹேல் அத்தை: வராதே. கதவுகிட்ட அவர் பக்கத்துல நில்லு

எலியாஸ் சித்தப்பா: இன்னும் ஒரு ஆள் வேணும். ஃபோர்ட் கொச்சில ஒரு இத்தாலிக்காரர் தங்கியிருக்கார், யூதர்ங்கிறாங்க. எந்த ஹோம்ஸ்டேன்னு யாருக்காவது தெரியுமா?