புதுப்பிப்பு: வேதியியலோடு நிரலாக்கம், ஒரு பருவம் முடிந்தது

எம்.எஸ்சி. வேதியியலோடு கணினித் துறையில் ஒரு விருப்பப் பாடம் எடுத்தால் தாங்குமா என்று ஜூலையில் கேட்டிருந்தேன். "பைத்தானில் தொடங்கு, மற்றதெல்லாம் அப்புறம்" என்றீர்கள். எடுத்துவிட்டேன்.

முதல் மாதம் படாத பாடு. நீர் மூலக்கூறின் ஆற்றலைக் கணக்கிடும் பயிற்சியில், பழைய பாடக்குறிப்பைப் பார்த்து ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்பு நீளம் 1.81 என்று போட்டேன். ஆற்றல் எங்கேயோ மேலே போய் நின்றது. இரண்டு நாள் நிரலைக் குடைந்த பிறகுதான் தெரிந்தது, அந்த எண் போர் என்ற நீள அலகில் இருக்கிறது (சண்டை இல்லை, இயற்பியலாளர் நீல்ஸ் போர்). ஒரு போர் 0.529 ஆங்ஸ்ட்ரம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ரம்). மென்பொருளோ அதை ஆங்ஸ்ட்ரம் என்றே எடுத்துக்கொண்டது. மூலக்கூறைக் கிட்டத்தட்ட இரு மடங்கு இழுத்து வைத்திருக்கிறேன்!

சரி, திருத்தியாயிற்று. அப்புறமும் பிணைப்புக் கோணம் 100 டிகிரிதான் வந்தது. பரிசோதனை மதிப்பு 104.5. இதில் என் தவறு இல்லை. ஹார்ட்ரீ-ஃபாக் என்ற தோராயக் கணக்கு முறையில், எஸ்டிஓ-3ஜி என்ற சின்ன அடிப்படைத் தொகுதி (எலக்ட்ரான்களை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பு) தருவதே அவ்வளவுதான். 6-31ஜி* என்ற பெரிய தொகுதியைப் போட்டதும் 105.5க்கு வந்தது. ஆய்வகத்தில் பியூரெட் பிடித்த நாள்களில்கூட இவ்வளவு குதூகலித்ததில்லை.

மதிப்பெண் இன்னும் வரவில்லை. அடுத்த பருவத்துக்கு நேரியல் இயற்கணிதம் பதிவு செய்திருக்கிறேன்.