பவளம் ஒட்டும் பொருள்களுக்குக் கலைச்சொல்: ‘ஒட்டுப்பசை’ மட்டும் போதுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> சயனோஅக்ரிலேட் (‘சூப்பர் குளூ’ வகைப் பசை), எப்பாக்சி (இரு பகுதிகளைக் கலந்து வைக்கும் ஒட்டுப்பொருள்) இரண்டையும் ‘ஒட்டுப்பசை’ என்றே எழுதிவிடலாமே. படிப்பவருக்குப் புரிந்தால் போதாதா?

கடல்நீர்த் தொட்டியில் பவளத்துண்டுகளைப் பாறையில் ஒட்டி வளர்ப்பவருக்கு அது போதாது. பெயருக்கு முன்னால் வினைச்சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

“பசை உலரும்வரை காத்திருக்கவும்” என்று முன்பு ஒரு குறிப்பில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் பவளத்துண்டை ஒட்டிவிட்டு, தண்ணீருக்கு வெளியிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். துண்டு பிழைக்கவில்லை. பிழை என் சொல்லில்தான். சயனோஅக்ரிலேட் உலர்வதே இல்லை. ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டிப்படுகின்றன. தண்ணீர்தான் அதற்குத் தூண்டுகோல். எப்பாக்சியில் பிசினும் இறுக்கியும் (hardener) வினைபுரிகின்றன; அது தண்ணீருக்கடியிலும் நடக்கும். ஆகவே இரண்டுக்கும் ‘இறுகுதல்’ என்பதே சரி. ‘உலர்தல்’ நீரோ கரைப்பானோ ஆவியாகிப் போகும் பசைகளுக்கு இருக்கட்டும். ஆங்கில ‘cure’ என்பதற்கு நேராகத் தோன்றும் ‘பதப்படுத்தல்’ தோலுக்குப் பொருந்தும், இதற்கு ஒட்டாது.

இனிப் பெயர். சயனோஅக்ரிலேட்டுக்கு ஈரமிறுகுபசை என்பது என் முன்மொழிவு. இரண்டாம் உலகப் போரின்போது ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறது என்று இதை ஒதுக்கினார்கள். 1958-இல் அது பசையாகவே விற்பனைக்கு வந்தது. எந்தப் பரப்பிலும் மெல்லிய ஈரம் படிந்திருக்கும் என்பதே அந்த ஒட்டலுக்குக் காரணம். ‘உடனொட்டி’ என்றும் ஒரு யோசனை வந்தது. அது வேகத்தைச் சொல்கிறதே தவிர, ஈரத்தைச் சொல்லவில்லை.

இதில் நீர்த்த வகையும் உண்டு, கெட்டியான வகையும் உண்டு. நீர்த்தது பாறையின் துளைகளுக்குள் ஓடிவிடும். பவளத்துக்குக் கெட்டியானதே வேண்டும். தொட்டிக்குள் கொண்டுபோனதும் அதன்மேல் ஆடை கட்டும். (இதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், பாலில் கட்டுவதும் இதே ஆடைதான்.) பாறையில் அழுத்திச் சற்றுத் திருகினால் ஆடை கிழிந்து, உள்ளிருக்கும் பசை பாறையைப் பிடிக்கும். திருகாமல் வைத்த துண்டு கொஞ்ச நேரத்தில் கழன்று விழும்.

> எப்பாக்சிக்கு ‘மக்கு’ என்ற சொல் வழக்கில் இருக்கிறதே?

மக்கு ஓட்டையை அடைக்கும், பரப்பைச் சமப்படுத்தும். இங்கே நமக்கு வேண்டியது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நின்று தாங்கும் பொருள். அதற்குத் தமிழில் சாந்து இருக்கிறது. இரு பகுதிகளையும் கையால் பிசைந்து வைப்பதால் பிசைசாந்து. ஈரப்பாறையில் இதன் ஒட்டுந்திறன் குறைவு. மேடுபள்ளங்களில் புகுந்து இறுகித்தான் பிடிக்கிறது. கனமான துண்டுக்குப் பாறையில் பசை, மேலே சாந்து, அதன்மேல் மறுபடி பசை என்று வைப்பார்கள். அதை மூவடுக்கு ஒட்டு எனலாம். சாந்தை அதிகமாக வைத்தால் நுரைபிரிப்பி (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் தொட்டிக் கருவி, protein skimmer) பொங்கி வழியும், அதையும் பயனர் குறிப்பில் சேர்க்க வேண்டும்.

எழுத்து பற்றி ஒன்று: எரிபொருள், உறைபனி போல இவையும் வினைத்தொகை. ‘இறுகுப்பசை’, ‘பிசைச்சாந்து’ என்று ஒற்று மிகாது.

சிலிக்கோன் பசையை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அது தண்ணீருக்கு வெளியே இறுக வேண்டியது. தொட்டிக் கண்ணாடிக்குச் சரி, உயிருள்ள பவளத்துக்கு ஆகாது.

‘பவளத்துண்டு’ என்று நானும் மேலே எழுதிவிட்டேன். வெட்டி ஒட்டி வளர்ப்பதற்கான துண்டைப் பவளக்கரணை என்றால் என்ன? கரும்புக் கரணை போல இதுவும் வளரட்டும் என்றே வெட்டப்படுவது. பிழைத்துக்கொண்டால் பசையையும் மூடிப் படர்ந்துவிடும்.

எனக்கு இன்னும் நிறைவு தராத சொல் ‘இறுக்கி’ ஒன்றுதான். மூடியை இறுக்கும் கருவி என்று தோன்றுகிறது. ‘கெட்டியாக்கி’ நீளமாக இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.