மறு: 'நேச்சுரல் ஃபினிஷ்': இயற்கைப் பூச்சு என்றே வைத்துவிடலாமா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். கிற்றார்ச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> நேச்சுரல் ஃபினிஷ் = இயற்கைப் பூச்சு. இதில் என்ன பிரச்சினை? எல்லோருக்கும் விளங்கும்தானே.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். இயற்கைப் பூச்சு என்றால் எண்ணெய், அரக்கு, தேன்மெழுகு மாதிரி ஏதோ ஒன்றைப் பூசியிருக்கிறார்கள் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். கிற்றார்க்காரர் சொல்வது அதுவல்ல. நிறம் அடித்து மறைக்காமல் மரத்தை வெளியே தெரிய விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மேலே பூசியது எதுவாகவும் இருக்கலாம். 1970களில் ஃபெண்டர் நிறுவனம் விற்ற 'நேச்சுரல்' ஸ்ட்ராடோகாஸ்டர் மின்கிற்றார்களை எடுங்கள். ஆஷ் மரம் பளிச்சென்று தெரியும். அதன் மேல் கிடப்பது தடித்த பொலியெஸ்டர். பிளாஸ்டிக்கைப் பூசிவிட்டு இயற்கைப் பூச்சு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. (ஆஷ் ஆஷாகவே இருக்கட்டும். தயவுசெய்து யாரும் சாம்பல் மரம் என்று எழுதிவிடாதீர்கள்.)

ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு மரம் தெரிவது வேறு, பூசிய பொருள் வேறு. இங்கே திருகோணமலை உவர்மலையில் நண்பர் ஒருவர் இப்படிப்பட்ட கிற்றார்களைச் சேர்க்கிறார், பெரும்பாலும் சொல்லிச் செய்வித்தவை. அவருடைய ஆஷ் கிற்றார்கள் இரண்டை மடியில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் விரல் கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போகிறது. மற்றதற்கு எண்ணெய் மட்டும்தான். ஆஷ் துளை பெரிய மரம் என்பதால் நகத்தைக் குறுக்கே இழுத்தால் வரிக்கு வரி தட்டுப்படுகிறது. முன்கை படுகிற ஓரம் வியர்வையில் கறுத்தும் போயிருக்கிறது. எங்கள் கடற்காற்றில் எண்ணெயை அடிக்கடி திரும்பப் பூச வேண்டியிருக்கிறது என்று புலம்புவார், ஆனால் வாசிக்க எடுப்பது அதைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குகிறவர் ஏமாறுவார்.

ஆகவே என் முன்மொழிவு: வரிதெரி பூச்சு. பொருளையும் சொல்ல வேண்டுமென்றால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: எண்ணெய் வரிதெரி, பொலியெஸ்டர் வரிதெரி.

வரி என்பது மரத்தில் ஓடும் கோடுகளுக்கு ஓடாவிமாரின், அதாவது தச்சர்களின் சொல். முதிரைப் பலகை இழைத்த கையோடு பார்த்தால் வெறும் மஞ்சள்தான். ஓடாவியார் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காட்டுவார். அலை அலையாக வரி எழும்பும், பலகையைச் சரித்தால் வெளிச்சத்தோடு அதுவும் நகரும். ஈரம் காய்வதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். "வரி தெரியுதுதானே தம்பி, இதுக்கு மேல பெயின்ற் அடிக்கிறது பாவம்" என்பார். நமக்கு வேண்டிய சொல் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

> வரி என்றதும் வருமான வரி ஞாபகம் வராதா?

வரிக்குதிரையைப் பார்த்து யாரும் வருமான வரியை நினைப்பதில்லை. சென்னை நண்பர் சொன்ன 'இழைதெரி'யும் நல்ல சொல்தான். ஆனால் இழைப்புளி (மரம் சீவும் கருவி), இழைத்தல் எல்லாம் அதே பட்டறையில் புழங்குவதால் அங்கே போய்க் குழம்பும்.

> சொலிட் பொடி = திண்ம உடல்

சொலிட் பொடி என்றால் உள்ளே வெறுமை இல்லாத கிற்றார் உடம்பு. திண்ம உடல் என்பது பௌதிகப் புத்தக வாடை. வீணையிடம் போனால் பாதி வேலை முடிந்தது: தண்டி (நீண்ட கழுத்து), மெட்டு (அதன் குறுக்கே உள்ள கட்டைகள்), குதிரை (தந்திகளைத் தாங்குவது) மூன்றும் அப்படியே பொருந்தும். குடம் மட்டும் பொருந்தாது, அது குடைந்தது. அதை உள்ளே வெறுமையான கிற்றாருக்கு விட்டுவிடலாம். 'கட்டை' என்று மட்டக்களப்பு அண்ணன் சொன்னதற்கு வரலாற்று நியாயம் உண்டு. கிற்றார்க் கலைஞர் லெஸ் போல் 1940ஐ ஒட்டிச் செய்து பார்த்த கருவியின் பெயரே மரக்கட்டை என்பதுதான், நடுவில் இருந்ததும் நாலு அங்குலப் பைன் கட்டை. ஆனால் பாட்டுக்காரரிடம் கட்டை என்றால் "எத்தனை கட்டை?" என்று சுருதி கேட்பார். ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிற்றாரின் உடம்பு ஒன்றேமுக்கால் அங்குலம், அதாவது 44 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை. பலகைக் கிற்றார் என்று வைப்போமே.

தண்டி பொருத்தும் விதத்துக்கும் வீணைதான் வழி காட்டுகிறது. தஞ்சாவூரில் ஒரே பலாக்கட்டையில் குடைந்தால் ஏகாந்த வீணை, தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. அந்த வழியில், ஜிப்சன் நிறுவனம் லெஸ் போல் பெயரில் விற்கும் கிற்றார் மாதிரிப் பசையில் ஒட்டியது ஒட்டுத்தண்டி. டெலிகாஸ்டர் மாதிரித் திருகாணியால் கழற்றிப் பூட்டக்கூடியது பூட்டுத்தண்டி. தண்டிமரம் உடம்பின் அடிவரை ஓடினால் ஊடுதண்டி. ஜிப்சனின் ஃபயர்பேர்ட் (1963) கடைசி வகை.

மரம் ஒலியை மாற்றுமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. அது வேறு உரையாடல், அங்கே போனவர் திரும்பி வருவதில்லை.

மரப்பெயர்ப் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது: சாவண்டலை (சமண்டலை என்றும் சொல்வார்கள்). ஆங்கிலத்தில் அதற்குத் திருகோணமலை மரம் என்றே பெயர். சென்னைக் கரையின் பழைய மசூலாப் படகுகளுக்குப் போன மரம் அது. உவர்மலை நண்பர் அடுத்த கிற்றாருக்கு அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். பட்டியலில் தமிழ்ப் பெயரை முன்னால் போடுங்கள்.

மிச்சம் இருப்பது ஜிப்சன் இஎஸ்-335 வகை: நடுவில் மரக்கட்டை, இரண்டு பக்கமும் வெறுமை. 'அரைக்குடம்' என்று எழுதிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினால் ஊளையிட்டுக் கூத்தாடுவது முழுக்க வெறுமையான முழுக்குடம்தான், அரைக்குடம் அவ்வளவு இல்லை, 'குறைகுடம் கூத்தாடும்' என்ற பழமொழி தலைகீழாகிறது. வேறு நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதையே போட்டுவிடலாம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து