ஒருவர் மட்டுமே உள்ள மேடைப்பெயரைக் குழு என்று பதிவதா?

என்னிடமுள்ள மேற்கத்திய இசைத்தட்டுகளுக்கு மூன்று மாதங்களாக அட்டவணை தயாரித்து வருகிறேன். தனிக்கலைஞர்களைக் குடும்பப்பெயரின்படியும் குழுக்களைப் பெயரின் முதல் எழுத்தின்படியும் அடுக்குகிறேன். குழுப்பெயர் போல ஒலிக்கும் மேடைப்பெயருக்குப் பின்னால் ஒரே ஒருவர் இருக்கும்போதுதான் வேலை நின்றுவிடுகிறது.

முதலில், ஒலிப்பதிவில் வாசித்தவர்கள் யார் என்பதை வைத்து முடிவு செய்தேன். ஆனால் டேம் இம்பாலா என்ற மேடைப்பெயரில் வரும் பதிவுகளில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளையும் கெவின் பார்க்கரே வாசிக்க, மேடையில் அவருடன் ஒரு குழுவே நிற்கிறது. பிறகு அதிகாரபூர்வ உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்தேன். நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் இசைக்குழுவில் நெடுங்காலம் டிரென்ட் ரெஸ்னர் ஒருவரே உறுப்பினர். 2016இல் அட்டிகஸ் ராஸ் சேர்ந்ததால், ஒரே பெயர் இரண்டு அலமாரிகளில் பிரிந்துபோனது. ஆலிஸ் கூப்பர் இதைவிடச் சிக்கல்: முதலில் அது குழுவின் பெயர், 1970களின் நடுப்பகுதியிலிருந்து அதன் பாடகர் ஒருவருடைய பெயர். அதற்கான அட்டவணை அட்டையை மூன்று முறை அடித்து எழுதியதில் மை மறுபக்கம்வரை ஊறிவிட்டது.

ஒரு மேடைப்பெயரைக் குழுவாகக் கொள்வதற்கு, ஒலிப்பதிவில் வாசித்தவர்கள், அதிகாரபூர்வ உறுப்பினர்கள், மேடையில் நிற்பவர்கள் ஆகிய மூன்றில் எதை முதன்மை அளவுகோலாக வைத்துக்கொள்கிறீர்கள்?