மழை இல்லாத நாளில் வடிகாலில் தண்ணீர் ஓடினால்

போன கோடையில் சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவில் நடந்தது இது. இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் மழைநீர் வடிகாலின் கம்பி மூடி வழியாகக் குனிந்து பார்த்தால் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொசுத் தொல்லை சொல்லி மாளாது. வெயில் காலத்தில் அந்த வடிகால் காய்ந்து கிடக்க வேண்டும். ஓடுகிறது என்றால் யாரோ விடுகிறார்கள்.

நானும் எதிர்வீட்டு அக்காவும் ஒரு வாரம் நேரம் குறித்துப் பார்த்தோம். காலை 7 முதல் 9 வரை சாம்பல் நிறத்தில் நுரையோடு ஓடும், அப்புறம் நின்றுவிடும். ஞாயிறன்று மட்டும் மதியம் வரை ஓடும். வாஷிங் மெஷின் தண்ணீர்தான்! மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுத்தோம். வந்த ஊழியர்கள் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே மேட்டுப் பக்கம் போனார்கள். நாலாவது குழியில் ஈரம், ஐந்தாவது காய்ந்து கிடந்தது. (மூடியை நீங்களே திறக்காதீர்கள், விஷவாயு இருக்கலாம்.)

இரண்டுக்கும் நடுவே ஓர் அடுக்குமாடி. செயலாளர் சாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, பால்கனியில் துணி துவைக்கும் இடத்தில் கேசரி பவுடரைக் கரைத்து ஊற்றினோம். சில நிமிடத்தில் வடிகாலில் ஆரஞ்சு நிறம். அவர் முகம் வாடிவிட்டது. கட்டும்போதே அந்தக் குழாயை மொட்டைமாடி மழைநீர்க் குழாயோடு இணைத்திருக்கிறார்கள். குடியிருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. சண்டைக்குப் போயிருந்தால் கேட்டையே திறந்திருக்க மாட்டார்கள். இரண்டே வாரத்தில் பாதாளச் சாக்கடைக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்தப் பக்கத்துத் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. மழைநீர் வடிகாலில் விடுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, அப்படியே அங்கே போய்ச் சேர்கிறது. நாரையும் பூநாரையும் வந்து நிற்கிற தண்ணீர்!

உங்கள் தெருவில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பதில்:
அக்கா, எங்கள் தெருவில் நுரை இல்லை, வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம். மெக்கானிக் ஷெட்டில் தரையைக் கழுவி விடுவார்கள். அந்த அண்ணனிடம், ‘இது கழிவுநீர் வாய்க்கால் இல்லைண்ணா, நேரா ஆத்துக்குப் போகுது’ என்றேன். ‘அப்படியா?’ என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. இப்போது சிந்திய ஆயில் மேல் மரத்தூளைப் போட்டு வாரிவிடுகிறார். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து வைக்கிறார். அதை வாங்கிப் போக ஆள் வருகிறது.